ரிப்போர்ட் எல்லாம் நார்மல், முடி மட்டும் கொட்டுகிறது

ரத்தம் கொடுத்தாயிற்று. தைராய்டு சரியாக இருக்கிறது, ஹீமோகுளோபின் பரவாயில்லை, சர்க்கரை இல்லை. ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்த டாக்டர், “ஒண்ணும் இல்லைம்மா, டென்ஷன் ஆகாம இருங்க” என்று சொல்லி, ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் தலைக்குக் குளித்தால் குளியலறைச் சல்லடை மறுபடியும் முடியால் அடைத்துக்கொள்கிறது. ஒன்றும் இல்லை என்றால் ஏன் இப்படிக் கொட்டுகிறது?

இந்தக் கேள்வியோடு நிற்கும் பெண்களுக்காகத்தான் இந்த அத்தியாயம். ரிப்போர்ட் நார்மல் என்றால், ரத்தத்தில் தேடிய நாலைந்து கோளாறுகள் அங்கே இல்லை என்று மட்டும்தான் பொருள். பெண்களுக்கு முடி குறைவதற்கான காரணங்களில் பல, ரத்தத்தில் தெரிவதே இல்லை. வகிட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன நடந்தது என்று கேட்டால் தெரியும். அதையெல்லாம் பார்த்த பிறகும் சிலருக்குக் காரணம் பிடிபடாமல் போகலாம். அப்போதும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. காரணம் தெரிந்த பிறகுதான் சிகிச்சை என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

## எவ்வளவு கொட்டினால் இயல்பு?

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள். ஒரு முடி 2 முதல் 6 ஆண்டு வரை, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம் வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி அடங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு விழும். அதே குழியிலிருந்து புது முடி முளைக்கும். எந்த நேரத்தில் பார்த்தாலும் நூற்றுக்கு 85 முதல் 90 முடிகள் வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது ஆரோக்கியமான தலைக்கும் உள்ளதுதான். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் தலைக்குக் குளிப்பவருக்கு இடைப்பட்ட நாட்களில் விழ வேண்டியதும் சேர்ந்து அன்றைக்கு வரும். கை நிறைய வருவதைப் பார்த்துப் பயந்து, குளிப்பதைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தள்ளிப்போட்டால் அடுத்த முறை இன்னும் அதிகமாக வரும், அவ்வளவுதான்.

இன்னொரு பயம், “வேரோடு வருதே” என்பது. விழுந்த முடியின் ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருப்பதைப் பார்த்து, வேர் போய்விட்டது, இனி முளைக்காது என்று நினைக்கிறோம். தென்னையில் பழுத்த மட்டை விழும்போது அடிப்பாகத்தோடு கழன்றுதான் விழும். குருத்து உள்ளே பத்திரமாக இருக்கும். முடியும் அப்படித்தான். அந்த வெள்ளைக் குமிழ், ஓய்வுக்காலம் முடிந்து தானாகக் கழன்ற முடியின் அடி. முளைக்க வைக்கும் குழி தோலுக்குள்ளேயே இருக்கிறது. குமிழ் இல்லாமல் துண்டுதுண்டாக விழுந்தால் அது வேர்ப்பிரச்சினையே இல்லை. முடி நடுவில் உடைகிறது. உடைவதற்கு ஸ்ட்ரெய்ட்னிங், ப்ளீச், ஈரத்தலையைச் சீவுவது போன்றவை காரணமாக இருக்கும்.

எனவே முடியை எண்ண வேண்டாம். முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன மாற்றம் என்று பாருங்கள். வகிடு அகலமாகிறதா? பின்னலின் பருமன் குறைந்திருக்கிறதா? மூன்று சுற்று வந்த ரப்பர் பேண்ட் இப்போது நாலைந்து சுற்று வருகிறதா? இவை நம்பத் தகுந்த அளவுகோல்கள்.

## முதல் வேலை: எந்த வகை என்று பிரிப்பது

முடி கொட்டுகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் நான்கு வேறு வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. வகை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தலை முழுக்கப் பரவலாகக் கொட்டுவது. கையால் கோதினாலே பத்து முடி வரும். தலையணை, துண்டு, தரை எங்கும் முடி. ஆனால் எங்கும் தனியாக வழுக்கை தெரியாது. வளர்ச்சியில் இருந்த ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதால் வருவது இது. டெலோஜன் எஃப்லூவியம் என்பார்கள். 1961-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் இதை விவரித்தார். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும்.

உச்சியில் மெலிவது. சீப்பில் முடி அதிகம் வராது. ஆனால் வகிடு வருடாவருடம் அகலும். விளக்கு வெளிச்சத்தில் உச்சந்தலை பளிச்சென்று தெரியும். நெற்றி ஓரம் மட்டும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் முன்பைவிட மெல்லிய முடியே முளைப்பதால் வருவது. பெண்களுக்குச் சொட்டை வருவதில்லை என்று நினைத்திருப்போம். பெண்களுக்கு நீண்டகாலமாக முடி குறைவதற்கு மிகவும் பொதுவான காரணம் இதுதான். இப்படி மெலியும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் அளவுகள் சரியாகவே இருக்கும். அதனால் ரிப்போர்ட் நார்மலாக வரும், தலையைப் பார்க்காத டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கோ சித்திக்கோ இப்படி இருந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் வரும்.

வட்டமாகத் திட்டாக விழுவது. நாம் புழுவெட்டு என்கிறோம். எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிக்குழியைத் தாக்குகிறது. திட்டு வழுவழுப்பாக, நாணயம்போல் இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது.

இழுபட்டு விழுவது. காதோரமும் நெற்றி ஓரமும் மெலியும். இறுக்கமான கொண்டை, உயர்த்திக் கட்டிய குதிரைவால், கனமான சவுரி, தினமும் ஒரே இடத்தில் குத்தும் கிளிப் ஆகியவை காரணம். தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் முழுமையாகத் திரும்பும். பல வருடம் இழுபட்டால் குழியே தழும்பாகி மூடிவிடும்.

ஒரே தலையில் இரண்டு வகை சேர்ந்தும் இருக்கலாம். உச்சி மெலிந்துகொண்டிருந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்து கொட்டும்போதுதான் பழைய மெலிவு கண்ணில் படும். காய்ச்சல்தான் காரணம் என்று தோன்றிவிடும்.

## மூன்று மாதம் பின்னோக்கிப் பாருங்கள்

பரவலாகக் கொட்டும் வகையில் நாம் எல்லோரும் தேடுகிற இடம் தப்பு. இந்த வாரம் கொட்டினால் இந்த வாரம் மாற்றிய ஷாம்புவையும் தண்ணீரையும் சந்தேகப்படுகிறோம். முடிக்கு ஓய்வுக்காலம் மூன்று மாதம் இருப்பதால், அடி விழுந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டல் தொடங்கும். காலண்டரை எடுத்து, கொட்டத் தொடங்கிய மாதத்திலிருந்து மூன்று மாதம் பின்னால் போங்கள். இவற்றில் ஏதாவது இருந்ததா?

- டெங்கு, சிக்குன்குன்யா, டைஃபாய்டு, கோவிட் போன்ற கடும் காய்ச்சல்
- பிரசவம், கருச்சிதைவு, அறுவை சிகிச்சை, அதிக ரத்தப்போக்கு
- எடை குறைக்கப் பட்டினி, சாதத்தோடு பருப்பு, முட்டை எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தியது
- கருத்தடை மாத்திரையை நிறுத்தியது
- புது மருந்து: வலிப்புக்கான வால்ப்ரோயேட், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், முகப்பருவுக்கான வைட்டமின் ஏ வகை மாத்திரை, சில ரத்தஅழுத்த மாத்திரைகள்
- நெருங்கியவரின் மரணம், விபத்து போன்ற பேரதிர்ச்சி

பிரசவத்துக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் கொட்டுவது மிகச் சாதாரணம். கர்ப்பக்காலத்தில் விழாமல் தங்கிய முடிகள் பிறகு ஒன்றாக விழுகின்றன. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். மருந்து காரணம் என்று தோன்றினால் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விடுவது உயிருக்கே ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் மாற்று கேளுங்கள்.

## எந்தப் பரிசோதனை, எதில் ஏமாறுகிறோம்?

முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஆகிய மூன்றும் அடிப்படை. தேவைப்பட்டால் வைட்டமின் டி, பி12. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி, விடாத பரு ஆகியவை இருந்தால் நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக டெஸ்டோஸ்டீரோன் முதலான ஹார்மோன் பரிசோதனைகள். இவற்றைத் தாண்டிப் பெரிய பேக்கேஜ் எடுப்பதால் பொதுவாக ஒன்றும் கூடுதலாகத் தெரிவதில்லை.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது ஃபெரிட்டின். உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பின் அளவு அது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே இந்தச் சேமிப்பு கரைந்துவிடும். அதனால் ஹீமோகுளோபின் 12 இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம். பல லேப்களில் 15 இருந்தாலே நார்மல் என்று அச்சாகும். முடிக்காக வரும் பெண்களுக்கு 40-க்கு மேல் இருப்பது நல்லது என்பது பல தோல் மருத்துவர்களின் கருத்து. நார்மல் என்ற வார்த்தையை மட்டும் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். உடம்பில் காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். தேறிய பிறகு பாருங்கள்.

இரண்டாவது பயோட்டின். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம். மாத்திரையில் 5,000, 10,000 என்று இருக்கும். இதைச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் தைராய்டு முடிவு தவறாக வரக்கூடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூட இது பொய்யாக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள். பயோட்டின் குறைபாடு மிக அரிது. குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளர்வதாக நல்ல ஆதாரமும் இல்லை.

யாரிடம் போவது? எம்.டி. (டி.வி.எல்.), டி.டி.வி.எல். அல்லது தோல் மருத்துவத்தில் டி.என்.பி. படித்தவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு, அங்கே காட்டலாம். எண்ணெய் வைக்காமல், பின்னலை அவிழ்த்துக் காட்டும்படி போங்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: “எனக்கு எந்த வகை? முடிக்குழி உயிரோடு இருக்கிறதா, தழும்பாகிவிட்டதா? டெர்மாஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தீர்களா?” தலையைத் தொட்டுப் பார்க்காமல் பேக்கேஜ் விலை சொல்கிற இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

## எல்லாம் பார்த்தும் காரணம் தெரியவில்லை என்றால்

ஆறு மாதத்துக்கு மேல் கொட்டுகிறது. காய்ச்சல் இல்லை, பிரசவம் இல்லை, ஃபெரிட்டின் போதுமான அளவு இருக்கிறது, வகிடு அகலவில்லை. இதற்கும் மருத்துவத்தில் பெயர் உண்டு: நாட்பட்ட டெலோஜன் எஃப்லூவியம். டேவிட் வைட்டிங் என்ற மருத்துவர் 1996-இல் இதைத் தனி நிலையாக வகுத்தார். பொதுவாக 30 முதல் 60 வயதுப் பெண்களுக்கு, அதுவும் அடர்த்தியான முடி உள்ளவர்களுக்கு வருகிறது. சில மாதம் கொட்டும், அடங்கும், மறுபடி கொட்டும், வருடக்கணக்கில் நீடிக்கலாம். தெளிவான தூண்டுதல் எதுவும் அகப்படாது.

இந்த நிலையில் இருப்பவர்கள் மனதில் பதிக்க வேண்டியது: இது சொட்டையில் முடிவதில்லை. விழுவதற்கு ஈடாக முளைத்துக்கொண்டும் இருக்கிறது. நெற்றியோரம் எழுந்து நிற்கும் குட்டி முடிகளைப் பாருங்கள். புது வளர்ச்சி அங்கே தெரியும்.

ஆகவே தேடலுக்கு ஓர் எல்லை போடுங்கள். அடிப்படைப் பரிசோதனை ஒரு முறை, குறைபாடு இருந்து மருந்து சாப்பிட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு முறை, நல்ல தோல் மருத்துவரின் நேரடிப் பார்வை. சந்தேகம் தீரவில்லை என்றால் அவர் சிறு துண்டுத் தோல் எடுத்துப் பயாப்சி செய்வார். இத்தனைக்கும் பிறகு காரணம் இல்லை என்றால் மாதாமாதம் ரத்தம் கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பணமும் நேரமும் சிகிச்சைக்கும் உங்களுக்கும் போகட்டும்.

“டென்ஷன்தான் காரணம்” என்பதையும் முழுசாக ஏற்க வேண்டாம். பேரதிர்ச்சி முடியைக் கொட்டவைக்கும் என்பது உண்மை. ஆனால் கண்டுபிடிக்க முடியாத எல்லாவற்றுக்கும் அதையே பெயராக வைத்தால், கொட்டுவதற்கும் நீங்களே குற்றவாளி என்று ஆகிவிடும்.

## மருந்து: எதை எதிர்பார்க்கலாம்?

உச்சி மெலியும் வகைக்கு அதிக ஆதாரமுள்ள மருந்து மினாக்ஸிடில். முதலில் ரத்தஅழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி முளைத்ததைக் கண்டு தலைக்குத் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-இல் ஆண்களுக்கும் 1991-இல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. நாட்பட்டுக் கொட்டும் வகைக்கும் டாக்டர்கள் இதை எழுதுவதுண்டு.

இதைப் பாதியில் விடுகிறவர்கள் அதிகம். காரணம், முதல் இரண்டு மாதத்தில் சிலருக்கு இன்னும் கூடுதலாகக் கொட்டும். ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருவதால் நடப்பது அது. மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். பலன் இருந்தால் தொடர்ந்து தடவ வேண்டும். விட்டால் சில மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். முடியில் இல்லாமல் உலர்ந்த உச்சந்தலைத் தோலில் படும்படி தடவுங்கள். நெற்றியில் வழிந்தால் துடையுங்கள், அங்கேயும் பூனைமுடி வளரும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். வீட்டில் பூனை வளர்த்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை: இந்த மருந்து பூனைக்குக் கொடிய விஷம்; நக்கினால் செத்துப்போகலாம்.

குறைந்த அளவு மினாக்ஸிடில் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், ஃபினாஸ்டரைடு ஆகியவற்றைச் சிலருக்கு டாக்டர் எழுதுவார். கர்ப்பமாக வாய்ப்புள்ள வயதில் எச்சரிக்கை வேண்டும்: ஸ்பைரோனோலாக்டோனும் ஃபினாஸ்டரைடும் கருவிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கலாம். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை உச்சந்தலையில் போடும் பி.ஆர்.பி. ஊசியில் சிலருக்குப் பலன் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை. கடன் வாங்கிச் செய்யும் அளவுக்கு உறுதியான சிகிச்சை அது இல்லை.

புழுவெட்டுக்குத் திட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தலை முழுக்கப் பரவிய கடும் நிலைக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டியது. சின்ன வெங்காயம், பூண்டு என்று தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். சிறு திட்டுகள் பல, ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். பரவலாகக் கொட்டுவதும் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நிற்கும். அதனால் கடைசியாகத் தேய்த்தது எதுவோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு ஓர் எண்ணெயில் குணமானது என்று கேட்டால், எத்தனை மாதம் ஆயிற்று என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

## சாப்பாடும் மாத்திரையும்

முடி முக்கியமாகப் புரதத்தால் ஆனது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 45 முதல் 55 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஏறக்குறைய அதே அளவு, 50 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருக்கும் சாதத்தில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுகிற பெண்ணுக்கு இந்தக் கணக்கு எட்டாது. உங்கள் தட்டில் பருப்போ பயறோ முட்டையோ மீனோ ஒரு வேளைக்கு ஒன்றாவது முதலில் விழட்டும்.

இரும்பு குறைவாக இருந்தால் கீரை மட்டும் போதாது. ஈரல், ஆட்டுக்கறி, மீன் ஆகியவற்றின் இரும்பு எளிதாகச் சேரும் (கர்ப்பிணிகளுக்கு ஈரல் அடிக்கடி வேண்டாம்). முருங்கைக்கீரை, பயறுகளோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால் டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தினமும் போட்டு வயிறு கெடுகிறது என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். அப்படிப் போட்டாலும் நன்றாகவே சேர்கிறது. சேமிப்பு நிரம்ப மூன்று மாதத்துக்கு மேலாகும்.

குறைபாடு இல்லாமல் கண்ட மாத்திரை சாப்பிடுவது எதிர்விளைவைத் தரும். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் மிகுந்தால் முடி கொட்டும். 2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டக் கிராமங்களில் பலருக்குச் சில நாட்களிலேயே தலை வழுக்கையானது. முதலில் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். பிறகு மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் நடத்திய ஆய்வில் அவர்களின் ரத்தத்திலும் முடியிலும் செலினியம் மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. அவர்கள் சாப்பிட்ட கோதுமையை அவர் காரணமாகச் சுட்டினார். உணவில் இருக்க வேண்டிய ஒரு சத்தே அளவு மீறினால் இப்படி ஆகும். முடிக்கென்று இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் அட்டையைத் திருப்பி, ஒரே சத்து எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

## எண்ணெய், தண்ணீர், பின்னல்

தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, உடைவதைக் குறைக்கும். கொட்டும் முடியை நிறுத்தாது. பொடுகு அதிகம் இருந்தால் தலையில் எண்ணெயை ஊறவைக்காதீர்கள், பொடுகு கூடும். முதலில் பொடுகுக்கு மருந்து ஷாம்பு. போர் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி உடைக்கலாம், வேரைத் தொடாது. கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றி அலசினால் போதும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பது நம்பிக்கை மட்டுமே. மழித்த நுனி மொட்டையாக இருப்பதால் தடித்துத் தெரிகிறது. குழிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுவது வேறு. மருந்தாக நினைத்துப் போட வேண்டாம்.

பின்னலைத் தளரப் போடுங்கள். வேலைக்குக் கொண்டை கட்டாயம் என்றால், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். மல்லிகைச் சரத்தை நாளும் ஒரே இடத்தில் குத்தாமல் மாற்றிக் குத்துங்கள். ஈரத்தோடு சிக்கு எடுக்காதீர்கள்.

முடி திரும்பும் வரை மறைத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு? வகிட்டை இடம் மாற்றிப் பாருங்கள். நேர்வகிட்டைவிடப் பக்கவகிடு அடர்த்தி காட்டும். முடி நிறத்தில் தூவும் ஃபைபர் பவுடர், உச்சியில் வைக்கும் டாப்பர், விக் எல்லாம் இருக்கின்றன. கிளிப் மாற்றி மாற்றிப் போடுங்கள், இரவில் கழற்றிவிடுங்கள்.

## வீட்டாரிடம் என்ன சொல்வது?

“எண்ணெய் வைக்க மாட்டே, ராத்திரி பூரா போன் பாக்கிறே, அப்புறம் கொட்டாம என்ன செய்யும்?” என்று அம்மாவோ மாமியாரோ சொல்லும்போது கொட்டுகிற முடியைவிட அந்தச் சொல் அதிகம் வலிக்கும். அக்கறையில் சொல்வதாகவே இருக்கலாம். ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “டாக்டர்கிட்ட காட்டிட்டேன்மா. என் தப்பால வரலை. ஆறு மாசம் மருந்து போடணும். அதுவரைக்கும் தினமும் இதைப் பத்திப் பேச வேண்டாம்.” கணவரிடம் கேட்க வேண்டியது அபிப்பிராயம் இல்லை, ஒரு வேலை: மாதம் ஒருமுறை உச்சந்தலையைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் முடியைப் பார்க்கும் ஊரில், முடி போவது அழகு பற்றிய கவலை மட்டுமாக இருப்பதில்லை. கல்யாணம், வேலை, நாலு பேர் நடுவில் நிற்பது எல்லாவற்றையும் தொடுகிறது. இதற்காக அழுவதில் அற்பமாக எதுவும் இல்லை. விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள், தூக்கம் இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால், முடிக்கான சிகிச்சையைவிட மனதுக்கான சிகிச்சை முதலில் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

## காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவை இருந்தால் ஆறு மாதம் பொறுக்காதீர்கள். சில நாட்களுக்குள் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

- உச்சந்தலையில் எரிச்சல், வலி, சீழ், தடித்த செதில்
- முடி போன இடம் பளபளப்பாக, குழிகளே தெரியாமல் இருப்பது
- நெற்றி ஓரம் பின்வாங்குவதோடு புருவமும் உதிர்வது
- முடியோடு மூட்டுவலி, கன்னத்தில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண்
- சில மாதத்தில் முகத்தில் வேகமாக முடி முளைப்பது, குரல் கட்டையாவது
- புழுவெட்டுத் திட்டுகள் வேகமாகக் கூடுவது

முதல் மூன்றும் முடிக்குழியே தழும்பாகிவிடும் வகையின் அடையாளங்களாக இருக்கலாம். அந்த வகையில் போன முடி திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சிகிச்சை. அதனால்தான் அவசரம்.

## ஆறு மாதத் திட்டம்

முதல் வாரம்: நடு வகிடு எடுத்து, உலர்ந்த தலையை ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். மூன்று மாதம் பின்னோக்கிய பட்டியலை எழுதுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எழுதுங்கள்.

முதல் மாதம்: தோல் மருத்துவர், அடிப்படைப் பரிசோதனைகள். வகையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இழுக்கும் பின்னலை மாற்றுங்கள், தட்டில் புரதத்தைக் கூட்டுங்கள்.

இரண்டு, மூன்றாம் மாதம்: மருந்து தொடங்கியிருந்தால் கூடுதலாகக் கொட்டலாம்; விடாதீர்கள். புது எண்ணெய், புது மாத்திரை எதையும் நடுவில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எதனால் என்ன ஆயிற்று என்று தெரியாது. மாதம் ஒரு போட்டோ, அதே இடம், அதே வெளிச்சம்.

நாலாம் மாதம்: ஃபெரிட்டின் குறைவாக இருந்தவர்கள் மறுபடி பாருங்கள்.

ஆறாம் மாதம்: முதல் போட்டோவையும் கடைசிப் போட்டோவையும் பக்கத்தில் வைத்து, டாக்டரோடு சேர்ந்து பாருங்கள். வகிடு அப்படியே இருந்தாலும் அது நல்ல செய்திதான். மெலிவது நின்றிருக்கிறது என்று பொருள். முடி இன்னும் குறைந்திருந்தால் மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டியிருக்கும். வகையை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள், தேவையானால் இன்னொரு தோல் மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். காரணம் என்ற கட்டம் அப்போதும் காலியாக இருக்கலாம். எந்த வகை, எந்தப் பக்கம் போகிறது, அடுத்து என்ன செய்வது என்ற மூன்றும் உங்கள் கையில் இருக்கும். சிகிச்சையைத் தொடர அவை போதும்.